எண்ணெய்த் துணி

கிணற்றில் தண்ணீர் இறைத்த பழைய டீசல் எஞ்சின் ஜாக்லின் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதன் பெரிய சக்கரத்துக்கு ஹாஜா ஆளிவிதை எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான். புது பெயிண்ட் கூடாது, தேய்ந்த பச்சையும் துருவும் அப்படியே நிற்கவேண்டும் என்பது ஜாக்லினின் உத்தரவு. ஓட்டுச் சந்தில் இறங்கும் மத்தியான வெயிலில் இரும்பு ஈரமாக மினுங்குகிறது. எங்கிருந்தோ கருகல் வாடை வருகிறது. "பீடி புடிச்சியா?" என்று கேட்டபடி ஜாக்லின் உள்ளே வருகிறாள். "நானா? புடிச்சா ஊட்ல பொண்டாட்டி சோறு போடமாட்டா மதாம்." துடைத்த துணிகளைத் திணித்து வைத்த சாக்குக்குள் கையை விடுகிறான். இட்டிலிப் பானைக்குள் விட்டதுபோல் சுடுகிறது. யாரும் நெருப்பு வைக்கவில்லை. சாக்கோடு ஓடி முற்றத்துத் தொட்டியில் அமுக்குகிறான். தண்ணீர் சீறுகிறது, புகை மூக்கில் ஏறுகிறது. "விரிச்சுக் காயப்போடுன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். குமிச்சி வச்சா இந்த எண்ணெய்த் துணி தானா பத்திக்கும்." அவன் சிரித்துச் சமாளிக்கப் பார்க்கிறான். "நேத்து தொடச்ச துணியெல்லாம் எங்க?" சிரிப்பு பாதியில் நிற்கிறது. "அடுப்பு பத்தவைக்க ஆவும்னு ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்." "எங்க வச்ச?" "கட்டிலுக்கு அடியில." கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு அவன் மனைவி ஜஹபர் நிஷா இந்நேரம் அந்தக் கட்டிலில்தான் தூங்குவாள், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு. எண்ணெய் விரலில் போன் வழுக்குகிறது. சட்டையில் துடைத்து மறுபடி அழுத்துகிறான். செருப்பில்லாமல் தெருவில் ஓடுகிறான். காதில் வைத்த போனில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.