செய்வதற்கு ஒன்றுமில்லை

இன்குபேட்டரில் கிடக்கும் குழந்தைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று தீர்மானிக்கிற மென்பொருள் அது. ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் முன் கம்பெனியில் 'சோதனை' என்று கணினிக்குக் கட்டளையிடுவார்கள். "ஏற்கெனவே இருக்கிறது, செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று திரை சொல்லும். தேறிவிட்டது என்று எல்லோரும் காபி குடிக்கப் போய்விடுவார்கள். இன்றுதான் பொறியாளர் மெர்லின் பார்த்தாள். 'சோதனை' என்ற பெயரில் ஒரு காலி ஃபோல்டர் இருந்தது. பெயரைக் கண்டதுமே கணினி வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அதை அழித்துவிட்டு மறுபடி கட்டளையிட்டாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் 'தோல்வி, தோல்வி'.

"ஃபோல்டர் நாந்தான் போட்டேன், அடுக்கா இருக்கட்டும்னு. அதுக்கு ஏம்மா கத்துற?" என்றார் மேலாளர் தணிகாசலம்.

"கொழந்தைங்க படுத்திருக்கு சார் அதுல! ஆஸ்பத்திரிக்குப் போன எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லுங்க."

"அத பாதுகாப்புக் கமிட்டிதான் சொல்லணும்."

"அப்ப கமிட்டி போடுங்க."

"அதான் ஏற்கெனவே இருக்கே" என்று எதிர்க் கதவைக் காட்டினார். பித்தளைப் பலகையில் 'பாதுகாப்புக் கமிட்டி' என்றிருந்தது. மெர்லின் கதவைத் தள்ளினாள். உள்ளே உடைந்த நாற்காலிகள், சுருட்டிய கம்பளம். திரும்பி வந்தவள், பலகையைப் பிய்த்து அவர் மேசைமேல் எறிந்தாள்.

"இப்ப இல்ல சார். போடுங்க."