பூஜ்யம் வாங்கிய ஊர்

"புருண்டியிலேர்ந்து ஓடி வர்றவங்களுக்குச் சாப்பாடு கொடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"தண்ணி?"

"ஏன், ஆத்துல இல்லையா? போய்க் குடிக்கட்டும்."

எடித்தா இரண்டு கேள்விக்கும் பூஜ்யம் போட்டாள். தான்சானியாவின் எல்லையோர ஊர்கள் அகதிகளை எப்படி ஏற்றுக்கொள்கின்றன என்பது பேராசிரியர் கிசங்காவின் ஆராய்ச்சி. படிவத்தோடு வீடு வீடாகப் போய்க் கேட்பது அவருடைய மாணவி எடித்தாவின் வேலை.

"உங்க பிள்ளைங்களோட அவங்க பிள்ளைங்க விளையாட வந்தா?"

"காலை ஒடிப்பேன்." வீட்டுக்காரி ஸபீபு மரவள்ளித் தோலைச் சீவி எறிந்தாள். "யார் காலைன்னு கேக்காதே. எழுதிக்கோ."

பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். எடித்தா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"அவளைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. என் தங்கச்சி மக. ஊமை."

எடித்தாவுக்குக் குழப்பமாக இருந்தது. எதிர் வீட்டில் ஓர் ஊமை மருமகள். அடுத்த வீட்டில் ஊமை மச்சினன். கோடி வீட்டிலும் ஒருத்தர். இவள் நாலாவது.

"இந்த ஊர்த் தண்ணியில ஏதாவது கோளாறாம்மா?" தயங்கித்தான் கேட்டாள்.

"கோளாறெல்லாம் கேக்கிறவங்க வாயிலதான். முடிஞ்சுதா?"

எடித்தா வாசலுக்கு வந்து பேராசிரியரைப் போனில் அழைத்தாள்.

"சார், இந்த ஊர்ல முப்பது வீடும் பூஜ்யம்."

"இருக்கவே முடியாது! நாலு வருஷம் முன்னாடி நானே அங்க வந்திருக்கேன். வீட்டுக்குள்ளேயே வெச்சுச் சோறு போட்டாங்க. அப்படி ஒரு நல்ல ஜனங்கன்னு கட்டுரை எழுதிப் பரிசுகூட வாங்கினேன். நீ கேக்கிற விதம்தான் சரியில்லை. திரும்பக் கேளு."

முகம் சுருங்கி அவள் உள்ளே திரும்பியபோது, அந்த ஊமைப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, வலிக்குது!" என்று அலறினாள்.

எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு.

ஸபீபுவின் கையிலிருந்து கத்தி நழுவியது. முகாமுக்கு வெளியே அகதிகள் தங்கக் கூடாது. வைத்திருப்பதும் குற்றம்.

எடித்தாவுக்கு இப்போதுதான் புரிந்தது. கண் கலங்கியது.

"நீங்க இவ்வளவு நல்லவங்களாம்மா! நான் போய் உங்களை... இருங்க, எல்லாத்தையும் அழிச்சிட்டு உள்ளதை எழுதறேன்."

அந்தப் பெண்ணைத் தோளில் தாங்கியபடியே, ஸபீபு மறு கையால் எடித்தாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அழிச்சிடாதே மகளே! நாலு வருஷம் முன்னாடி உன்னை மாதிரியே ஒரு சார் வந்து, எங்களை நல்லவங்கன்னு ஊர்ப் பேரோட எழுதினாரு. அது வெளிவந்த வாரமே போலீஸ் லாரி வந்து, பிள்ளை பெத்து ரெண்டு நாள்கூட ஆகாத பொண்ணை ஏத்திட்டுப் போச்சு."