ஒட்டிய இறக்கை

"இந்த பிளேனை யாரு தொட்டது?"

மாமனார் குரலை உயர்த்தவே இல்லை. கண்ணாடி அலமாரியைத் திறந்து, அந்தக் குட்டி உலோக விமானத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். உலகப் போரில் ஜப்பான் கடற்படை ஓட்டிய விமானத்தின் அச்சு அசல் பொம்மை. தன் கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கியது. மாமியாருக்கே அதன்மேல் கொஞ்சம் பொறாமை உண்டு.

விருந்துக்கு வந்திருந்த புது மாப்பிள்ளை செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டான்.

நேற்று சாயங்காலம் எல்லாரும் கடைக்குப் போயிருந்தபோது அதை எடுத்துப் பார்த்தவன் அவன்தான். டக்கென்று ஒரு சத்தம். ஓர் இறக்கை மேல்நோக்கி நட்டுக்கொண்டு நின்றது. பாதி உயிர் போய்விட்டது அவனுக்கு. தெருமுனைக்கு ஓடிப் பசை வாங்கி வந்து, ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். கட்டைவிரலில் காய்ந்த பசை இன்னும் உரியவில்லை.

"இறக்கையில பசை இருக்கே," என்றார் மாமனார், விரலால் தடவியபடி.

"உங்க அருமைப் புள்ளையைக் கேளுங்க. அவன் கை பட்டா இரும்புகூட ஒடியும்," என்றாள் மாமியார் அடுப்படியிலிருந்து.

மாப்பிள்ளை அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வேறொன்றைச் சொன்னது.

"நேத்து தம்பி அந்த அலமாரிகிட்ட நின்ன மாதிரி இருந்துச்சு மாமா."

பல் தேய்த்துக்கொண்டே வந்த மைத்துனன் அப்படியே நின்றான். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் கட்டைவிரலைப் பார்த்தான்.

"ஆமாப்பா, நான்தான். கை தவறிடுச்சு."

"எனக்குத் தெரியாதா? வேலைக்குப் போற வயசாச்சு, இன்னும் பொறுப்பு வரல," என்று மாமியார் பிடித்துக்கொண்டாள். திட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனான் மைத்துனன்.

தப்பித்துவிட்டோம் என்று மாப்பிள்ளையின் மனசு நிம்மதிப்பட்டதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தான்.

மாமனார் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போற பிளேன் மாப்பிள்ளை. அங்க இடம் பத்தாது. அதனால இறக்கை மேல மடங்குற மாதிரி செஞ்சிருப்பாங்க. பொம்மையிலயும் அப்படித்தான். நம்ம பையனுக்குச் சின்ன வயசுல இதை மடக்கி மடக்கி விரிச்சாத்தான் சோறே இறங்கும்."

மாப்பிள்ளை கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"உங்களுக்கு மடக்கிக் காட்டலாம்னுதான் இன்னைக்கு எடுத்தேன்," என்றார் மாமனார், அவன் முகத்தைப் பார்க்காமல். "இந்த வீட்ல அது மடங்கும்னு தெரியாத ஆளு நீங்க ஒருத்தர்தான்."