ஊசித்துளை

"ஆணியாலயா ஏட்டி ஓட்டை போட்ட? அதான் எல்லாம் கலங்கிக் கெடக்கு."

ஷீலா படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளும் சுகிர்தாவும் சங்கரன்கோவிலில் ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியைகள். அறிவியல் கண்காட்சிக்காக, லென்ஸ் இல்லாத ஊசித்துளைக் கேமரா ஒன்றைச் சுகிர்தா பால்பவுடர் டப்பாவில் செய்திருந்தாள்.

"ஊசிமுனை பட்டும் படாம இருக்கணும். அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. அதுக்குன்னு ரொம்பச் சின்னதாவும் போட்டுராத, மறுபடி மங்கிரும்."

"வெளிச்சம் பத்துமா?"

"வீட்டுக்குள்ளன்னா ரெண்டு மணி நேரம் தெறந்து வைக்கணும். அதுவரைக்கும் ஆளு அசையக் கூடாது. எந்திச்சு நடந்தா உருவமே விழாது. அப்படி ஒரு ஆளுக்கு எங்கன போவ?"

சுகிர்தா கட்டிலைக் காட்டினாள். "எங்க வீட்டுக்காரர் இருக்காருல்லா."

ராஜேஷ்குமார் முகட்டைப் பார்த்துக் கிடந்தான். பைக் விபத்து நடந்து பதினாலு மாதம். கை கால் அசைவில்லை, பேச்சில்லை. கஞ்சி ஊட்டுவதும் புரட்டிப் படுக்க வைப்பதும் சுகிர்தாதான். அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஷீலா குரலைத் தாழ்த்தினாள். "நாம பேசுதது அவருக்குக் கேக்குமா?"

"ஒண்ணும் கேக்காது. என்னால முடியல ஷீலா. அன்னைக்கே போய்ச் சேந்திருந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி." சொல்லிவிட்டு சுகிர்தா அழுதாள்.

சனிக்கிழமை காலை, சுகிர்தா குளிர்பான டின்னில் வெட்டிய தகட்டில் மெல்லிய தையல் ஊசியால் துளையிட்டு, பிசிறை உப்புத்தாளால் தேய்த்தாள். தகட்டை டப்பாவில் ஒட்டி, குளியலறை இருட்டில் உள்ளே போட்டோத்தாளை வைத்து, கட்டிலுக்கு எதிர் அலமாரியில் நிறுத்தினாள். கணவனுக்குத் தலைவாரி விட்டாள். துளையை மூடியிருந்த கறுப்பு டேப்பை உரித்தாள்.

"மார்க்கெட்டுக்குப் போயிட்டு வாரேன். அசையாம இருங்க" என்றவளுக்குச் சிரிப்பு வந்தது.

ரெண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, விட்டுப்போனபடியே கிடந்தான். வகிடுகூடக் கலையவில்லை.

டேப்பை ஒட்டி, டப்பாவோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திச் சிவப்பு பல்பைப் போட்டாள். மருந்துத் தண்ணீரில் தாளை முக்கியதும், கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி, படம் மெல்ல எழும்பியது.

துளை கச்சிதம்! சன்னல் கம்பிகளை எண்ணலாம். தண்ணீர் பாட்டிலின் மூடி, விரிப்பின் கட்டங்கள், தலையணையில் தலை அழுந்திய பள்ளம், எல்லாம் அவ்வளவு துல்லியம்.

பள்ளம் மட்டும்தான் இருந்தது. தலை இல்லை. கட்டிலில் ஆளே இல்லை.

தாளைப் பல்புக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தபோது, குளியலறைக் கதவின் வெளித்தாழ்ப்பாளை யாரோ நிதானமாகப் போட்டார்கள்.