எல்லாச் சுவிட்சும் நிக்குது

சாயங்காலம் மழை பிடித்ததும் எங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். இந்த வாரம் முழுக்க இதே கதை.

"எங்கேயோ ஈரம் இறங்குதுலா," என்றார் அப்பா.

மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன எங்கள் தைப்பிங்கில் கதவு இறுகினாலும் மழை, பிஸ்கட் நமத்தாலும் மழை, முட்டி வலித்தாலும் மழை. கரண்ட் போனால் மட்டும் வேறு காரணமா சொல்வார்கள்?

"வயர்மேனக் கூப்பிடுங்க," என்றார் அம்மா.

"எதுக்கு எல்ஸி? நான் இல்லையா?"

"நீங்க இருக்கிறதாலதான் சொல்றேன்."

அப்பா பெயர் ஆம்புரோஸ். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் வளர்ந்தவர். பைப்பு, மோட்டார், விசிறி, எதையும் தானே பிரித்துப் போடுவார். திரும்பச் சேர்ப்பது வேறு விஷயம்.

கோளாறு எங்கே என்று தேட இரண்டு பேர் வேண்டும். மெயின் பாக்ஸ் வாசல் கதவுக்கு மேலே இருக்கிறது. பிளக்குகளில் பாதி பின்னால் சமையல் செய்யும் குசினியில். லைட்டு, விசிறி எல்லாம் அணைத்து, எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மெயினைத் தூக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். எதைச் செருகும்போது மெயின் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ஒருவர் பாக்ஸ் அடியில், ஒருவர் குசினியில், நடுவில் கத்தல்.

முதல் நாள் பாக்ஸ் அடியில் நான்தான் நின்றேன். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருப்பவள் நான் ஒருத்திதானே. நாற்காலி ஆடியது, கொசு கடித்தது. பாதியில் இறங்கிவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது.

"அண்ணனக் கூப்பிடுங்கப்பா. ரூம்ல படுத்துதானே கெடக்கு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அப்பாவும் மார்கஸ் அண்ணனும் பேச்சை நிறுத்தி மாசக்கணக்காகிறது. அண்ணன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறான். "போறதுன்னா போ, என்கிட்ட சொல்லிக்க வேணாம்," என்று அப்பா சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ். இப்படியே ஏறிவிடுவானோ என்று அம்மா ஜெபமாலையும் கையுமாக இருந்தார்.

அண்ணன் வந்து நாற்காலி மேல் ஏறினான்.

"தூக்கு," என்று குசினியிலிருந்து அப்பா கத்தினார்.

"தூக்கிட்டேன்."

"நிக்குதா?"

"நிக்குது."

அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் மழையோடு மெயினும் விழுந்தது.

"கெட்டில் போடுறேன். நிக்குதா?"

"நிக்குது. எந்தக் கெட்டில், பழசா?"

"நீ வாங்குனது."

"அது மட்ட சாமான்பா. அதான் கோளாறா இருக்கும்."

"நல்லாத்தான் கொதிக்குது, போடா."

அம்மா கரண்டியைக் கீழே வைக்கக்கூடப் பயந்து, கையில் பிடித்தபடியே நின்றார்.

விசிறி இல்லை, டிவி இல்லை, பிரிட்ஜின் முனகல்கூட இல்லை. கூரையில் மழை மட்டும். ஹாலில் சோபா, மாதா படம், எங்கள் செருப்பு எல்லாமே தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நீலமாகத் தெரிந்தன. வீட்டின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு குரல்கள் மிதந்து வந்தன. முகம் தெரியாத இருட்டில் அவர்களுக்குப் பேச்சு சுலபமாக வந்தது.

"கிரைண்டர் போடுறேன். அங்க சிங்கப்பூர் ரூம்ல எத்தன பேரு?"

"நிக்குது. ஆறு பேருப்பா."

"அயர்ன் போடுறேன். சாப்பாடு?"

"அதுவும் நிக்குது. சாப்பாடு வெளியதான்."

"தினமும் வெளியவா? வயிறு என்னத்துக்கு ஆகும்?"

நாளுக்கு நாள் தேடல் நீண்டுகொண்டே போனது. எதைச் செருகினாலும் நின்றது. குற்றவாளி கிடைக்கவில்லை. அப்பா அதற்காகக் கவலைப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

எனக்குத்தான் எரிச்சல். நாடகம் பார்க்கிற நேரம் பார்த்து தினமும் வைஃபை போனால் யாருக்கு வராது? சனிக்கிழமை நானே யூடியூப்பில் தேடினேன். மழை கொட்டும்போதே எல்லாப் பிளக்கும் நிற்கிறது என்றால் கோளாறு வயரில் இல்லையாம். மெயின் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. மெயின் ஒழுங்காக விழுகிறதா என்று சோதிக்க வைத்த பட்டன். அதை யார் அழுத்தினாலும் மெயின் விழும்.

யார் அழுத்தினாலும்.

அன்று மாலை ஜன்னல் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மழை பிடித்தது. அப்பா வாசலில் குடையை உதறி மடக்கினார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குடை நுனியை மேலே தூக்கிப் பாக்ஸில் மெதுவாக ஒரு குத்து.

டக். வீடு இருண்டது.

"எல்ஸி, பாரு, மறுபடி ஈரம் இறங்கிருச்சு," என்றார், ரொம்ப வருத்தமாக.

எனக்கு வந்ததே கோபம். நேராக அண்ணன் ரூமுக்குப் போனேன். சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஈரமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. அப்பாதான் டெஸ்ட் பட்டன அழுத்துறாரு. உன்ன வெளிய வர வைக்கத்தான். குடையால குத்துறாரு, நானே பாத்தேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது நாள்லேர்ந்து. பாலிடெக்னிக்ல முதல்ல காட்டுறதே அந்தப் பட்டனத்தான் ஜானிஸ்."

"அப்புறம் ஏன் தினமும் போய் நாற்காலில ஏறி நிக்குற? மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டியதுதானே?"

குசினியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "மார்கஸ், பாக்ஸ் கிட்ட நிக்கிறியாப்பா?"

"வாரேன்பா."

அண்ணன் பையைத் தள்ளிவிட்டு எழுந்தான். கதவருகே நின்று குரலைத் தாழ்த்தினான்.

"கேட்டுக் கீட்டுத் தொலைக்காத. நேத்து மழை வந்தும் அவரு சோபாவுல தூங்கிட்டாரு. எவ்வளவு நேரம்தான் காத்திருக்கிறது? நான்தான் போய் அழுத்துனேன்."