சாண் உயரக் கள்ளி

"சட்டியை ஆட்டாமப் பிடி, லலிதா. இன்னும் கிட்ட வந்து உக்காரு" என்றான் துளசிராம்.

கிட்ட எப்படி வருவாள்? ஊரிலிருந்து வந்தது முதல் அண்ணன் கண்ணில் படாமல் ஒதுங்கி ஒதுங்கித் திரிந்தவளை, இன்றைக்கு மொட்டைமாடிக்குக் கூப்பிட்டு எதிரில் உட்கார்த்தி வைத்துவிட்டான். லலிதாம்பாள் முந்தானையை இன்னொரு சுற்று இழுத்து மார்பை மூடிக்கொண்டு, சட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

மதுரைச் சீமையே வேலிக்கு நடுகிற திருகுகள்ளியை, இந்த மனுஷன் தட்டையான சட்டியில் வைத்துச் சாண் உயரத்துக்கு மேல் விடாமல் வளர்த்தான். பினாங்குக்குப் பட்டு விற்கப் போனபோது ஒரு ஜப்பான்காரன் கடையில் குட்டை மரங்களைப் பார்த்துவிட்டு வந்த கிறுக்கு. தண்ணீரைக் குறைப்பான், வேரைக் கழிப்பான், மீறி நீளும் கிளையை நறுக்கி, வடிகிற பாலுக்குச் சாம்பல் அப்புவான்.

ஒரு கிளை மீறக் கூடாது அவனுக்கு. வீட்டு மனுஷரிடமும் அப்படித்தான்.

லலிதாம்பாள் புருஷனை இழந்தவள். மஞ்சள் காமாலைக்கு வைத்தியம் என்று திருமங்கலத்துப் பெரியம்மா வீட்டில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தாள். காமாலையாவது, ஒன்றாவது! பெற்ற பிள்ளையைப் பொழுது விடியும் முன்பே பெரியம்மா கொட்டாம்பட்டிப் பக்கம் யாருக்கோ கொடுத்துவிட்டாள். காரணமானவன் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டான். அந்தப் பேச்சை விடுங்கள்.

பால்தான் வற்றவில்லை.

மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் வற்றும் என்று பெரியம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். தாலியறுத்தவள் பூ வாங்கினால் தெரு சும்மா இருக்குமா? சாமிக்கு வாங்குகிற பூவில் தினமும் ஒரு பிடி எடுத்து, ரவிக்கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். அண்ணனுக்குத் தெரிந்தால் கண்டதுண்டமாக வெட்டிப்போடுவான். அந்தப் பயத்தில்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை.

துளசிராம் ஒரு கிளையை நறுக்கினான்.

அந்த நேரம் பார்த்தா பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை வீரிட வேண்டும்! அதன் தாய் சீனியம்மாள் தெருக்கோடியில் தறிக்குப் பாவு நூல் நீட்டும் வேலைக்குப் போயிருந்தாள்.

பிள்ளை அழ அழ லலிதாம்பாளுக்கு மார்பு குறுகுறுத்துச் சுரந்துவிட்டது. ரவிக்கை நனைவது தெரிந்ததும் பதறிப்போய்க் கையை எடுத்தாள். சட்டி சரிந்தது. தாங்கப் பாய்ந்தவன் முகத்தில் வெட்டுண்ட கிளை இடித்து, கள்ளிப்பால் இரண்டு கண்ணிலும் பட்டது.

அவன் போட்ட அலறலில் அவன் மனைவி ராதாமணி கீழேயிருந்து ஓடிவந்தாள். குடத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றிப் பார்த்தார்கள். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

"கண்ணு அவிஞ்சு போயிரும்டி! உடனே தாய்ப்பால் விட்டாத்தான் உண்டு. நான் போயி சீனியம்மாளை இழுத்தாறேன்" என்று ராதாமணி தெருவுக்கு ஓடினாள்.

துளசிராம் தரையில் புரண்டான். அவ்வளவு பெரிய ஆள், அம்மா அம்மா என்று கத்தினான்.

லலிதாம்பாள் சுவரோடு ஒட்டி நின்றாள். தெருக்கோடிக்குப் போய்த் திரும்புவதற்குள் கண் போய்விடும். சும்மா நின்றால் அண்ணன் குருடன். தன் பாலை விட்டுக் காப்பாற்றினால் அவள் கதை அதோடு முடிந்தது.

ஐயோ, மீனாட்சி!

அவன் தலையை இழுத்து மடியில் போட்டாள். ரவிக்கையை அவிழ்த்துப் பூவை உதறினாள். இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணிலும், பிறகு மற்றதிலும் பீய்ச்சினாள்.

அலறல் மெல்ல அடங்கியது. கன்னத்தில் வெதுவெதுப்பாக வழிந்தது உதட்டோரம் இறங்கியதும், துளசிராம் அசைவற்றுக் கிடந்தான். அவள் முந்தானையை அள்ளிப் போர்த்திக்கொண்டு விலகினாள்.

படியில் ஆள் ஏறும் சத்தம். ராதாமணி சீனியம்மாளோடு மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"வேணாம். தண்ணியிலயே அடங்கிருச்சு. ரெண்டு பேரும் கீழ போங்க" என்றான் துளசிராம்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும் அவள் பக்கம் தலையைத் திருப்பினான்.

"பிள்ளையை எங்க விட்டுட்டு வந்த?"

தூக்கிவரக் கேட்கிறானா, தீர்த்துவிடக் கேட்கிறானா? குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. அவன் கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். லலிதாம்பாள் குனிந்து பார்த்தாள். வீங்கிய இமைகள் இறுக மூடியிருந்தன.