நாற்பது சிலேட்டுகள்

மலையின் நிழல் பள்ளிக்கூடத்து ஓடுகள்மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. பயிற்சி முகாமில் கற்றுக்கொண்ட முறைப்படி, மூன்றாம் வகுப்பு மெஹ்ருன்னிசா டீச்சர் கடன் வாங்கிக் கழிப்பதை முந்தாநாள் தானே போட்டுக் காட்டினாள். நேற்றுப் பிள்ளைகளோடு சேர்ந்து ஐம்பத்திரண்டில் இருபத்தேழைக் கழித்தாள். இன்று அவர்களே தனியாகப் போட வேண்டும். கரும்பலகையில் அறுபத்துமூன்றில் இருபத்தேழு. சிலேட்டுக் குச்சிகளின் கீச்சொலி அடங்குகிறது. "எல்லாரும் தூக்குங்க!" நாற்பது சிலேட்டுகளும் ஒன்றாக எழும்புகின்றன. எச்சில் ஈரம் காயாத அந்த நாற்பதிலும் நேற்றைய விடை, இருபத்தைந்து. சாக்பீஸ் அவள் விரல்களுக்குள் நொறுங்குகிறது. "யாருமே கணக்கைப் போடலியா?" முன்வரிசை சரோஜாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நேத்து இதுக்குத்தானே டீச்சர் வெரிகுட் சொன்னீங்க?" இன்னொரு வெரிகுட்டுக்காகச் சிலேட்டுகள் இறங்காமல் நிற்கின்றன.